பத்து நாள் பேசாமல் இருக்கப் போகிறவர்களுக்கு

“பத்து நாள் வாயத் திறக்கக் கூடாதாமே, உன்னால முடியுமா?”

விபாசனா தியான முகாமுக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் கேட்டது இதைத்தான். பேசாமல் இருப்பது சுலபம். இரண்டாம் நாளே பழகிவிடும். சாப்பிடும்போது எதிரே இருப்பவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிக்க வேண்டியதில்லை என்பதே ஒரு சுகம். கஷ்டமெல்லாம் முழங்காலில் இருக்கிறது. இதை முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று முறை உட்கார்ந்துவிட்டு வந்தவன் என்ற முறையில், முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்கிறேன்.

எது உண்மை, நிம்மதி எங்கே, இந்த ஓட்டமெல்லாம் எதுக்கு என்று ஒரு வயதில் கேள்வி வந்துவிட்டால், பதில் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கோயில், மடம், யூடியூப், எதிர்வீட்டு மாமா. பத்து வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது நிறைந்ததுதான் மிச்சம். இங்கேயும் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொற்பொழிவு உண்டு, அதில் பதில்கள் ஏராளம். ஆனால் அது போக மீதி பத்தேமுக்கால் மணி நேரம் நீங்களாச்சு, உங்கள் மூச்சாச்சு.

எதற்காகப் போகிறீர்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த முறையை இந்தியாவில் பரப்பியவர் எஸ். என். கோயங்கா. 1924இல் பர்மாவின் மாண்டலேயில், மார்வாடி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். வைத்தியத்துக்காக நாடு நாடாகப் போயும் பலனில்லாமல், 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின் என்பவரிடம் வந்து சேர்ந்தார். ஊ பா கின் துறவி அல்ல. பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி, குடும்பஸ்தர், ஆபீஸ் வேலைக்கு நடுவே தியானம் சொல்லிக்கொடுத்தவர். தலைவலி போகத்தான் வருகிறேன் என்றதும் அவர் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். மனசைச் சுத்தப்படுத்த வருவதானால் வா, தலைவலி போனால் அது உபரி என்பது அவர் கணக்கு. அப்படிச் சேர்ந்த கோயங்கா 14 வருஷம் அவரிடம் பயின்று, 1969இல் இந்தியா வந்து வகுப்பு நடத்த ஆரம்பித்தார். 1976இல் மகாராஷ்டிராவின் இகத்புரியில் மையம் எழுந்தது. அவர் 2013இல் காலமாகிவிட்டார். இன்றும் முகாம்களில் பாடம் சொல்வது ஒலிப்பதிவில் உள்ள அவர் குரல்தான். முன்னால் உதவி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், சந்தேகம் கேட்டால் சொல்வார்.

நான் முதல் முறை போனது தூக்கம் வராமல். தூக்கத்துக்கு மருந்தாக நினைத்துப் போனதால் ஒவ்வொரு ராத்திரியும் ‘இன்னைக்கு வருதா, இன்னைக்கு வருதா’ என்று பார்த்துக்கொண்டே விழித்துக் கிடந்தேன். நீங்களும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் போவீர்கள், பரவாயில்லை. என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்கோ வேறு மனநோய்க்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். விண்ணப்பத்திலும் மறைக்காமல் எழுதுங்கள். இத்தனை மணி நேரம் தனியாக மனசுக்குள் உட்காருவது எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நல்லதில்லை. சிலருக்கு இருக்கிற தொந்தரவு கூடிவிடும். அதனால்தான் அந்தப் படிவத்தில் அத்தனை கேள்வி கேட்கிறார்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை முகாமுக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது.

விண்ணப்பமும் லீவும்

விபாசனா மையங்களுக்குப் பொதுவான இணையதளம் இருக்கிறது, அதில் ஊரையும் தேதியையும் பார்த்து விண்ணப்பிக்கலாம். சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பகுதியில் ‘தம்ம கூட’ என்ற மையம். எந்த மொழி புரியும் என்று படிவத்தில் கேட்பார்கள், தமிழ் என்று தைரியமாகப் போடுங்கள். தமிழ் ஒலிப்பதிவு உண்டு. ஆங்கிலம் தெரியும் என்கிற கௌரவத்தில் ஆங்கிலத்தைப் போட்டுவிட்டு, ராத்திரி ஏழு மணிக்குக் களைத்துப்போன மண்டையில் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் தவித்தவன் நான்.

இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். கிடைத்த பிறகு போக முடியாமல் போனால் உடனே சொல்லிவிடுங்கள், வரிசையில் இன்னொருவர் காத்திருப்பார்.

பத்து நாள் முகாம் என்பது பெயருக்குத்தான், காலண்டரில் அது 12 நாள். போய்ச் சேரும் நாள் ஒன்று, நடுவில் பத்து, பதினோராம் நாள் காலை கிளம்புவது. பல மையங்களில் புதன்கிழமை போய்ச் சேர்ந்து அடுத்த வாரத்து ஞாயிறு காலை வெளியே வருகிற மாதிரி வைத்திருப்பார்கள். அப்படியானால் சனி ஞாயிறு விடுமுறை உள்ளவருக்கு எட்டு நாள் லீவு போதும். ஒன்பதாவதாக, திரும்பி வந்த திங்கள்கிழமைக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முன்பு உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. ஒரு முகாமாவது முழுசாக முடிக்காதவரிடம் நன்கொடை வாங்கவும் மாட்டார்கள். சும்மா கொடுக்கிறார்கள் என்றால் பின்னால் என்னவோ இருக்கிறது என்று என் சித்தப்பா கடைசி வரை நம்பினார்.

வீட்டில் சொல்வது

எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, “சாமியாராப் போயிட மாட்டியே?” சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் வரும். பொறுமையாக விளக்குங்கள். மதம் மாற்ற மாட்டார்கள், மொட்டை போட மாட்டார்கள், புதன் போனால் அடுத்த வாரத்து ஞாயிறு வந்துவிடுவேன். அப்புறம் முக்கியமான விஷயம்: போன் இருக்காது. போன உடனே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். மையத்தின் அலுவலக நம்பரை வீட்டில் எழுதிக் கொடுங்கள், அவசரம் என்றால் அதில் கூப்பிடலாம். கரண்ட் பில், வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போங்கள். ஐந்தாம் நாள் தியானத்தின் நடுவே ‘கேஸ் புக் பண்ணினோமா’ என்று ஞாபகம் வந்தால் அன்று பூரா அதுதான் ஓடும்.

பையில் என்ன வைப்பது

தொளதொள உடைகள். லுங்கி, பேன்ட், சுடிதார், எதுவானாலும் சம்மணம் போடும்போது இறுக்கக் கூடாது, உடம்பும் தெரியக் கூடாது. கொலுசு, வளையல், நடக்கும்போது சரசரக்கும் டிராக் பேன்ட் வேண்டாம். சத்தமே இல்லாத கூடத்தில் அது பட்டாசு மாதிரி கேட்கும். ஒரு போர்வை, டார்ச், அலாரம் கடிகாரம், தண்ணீர் பாட்டில், வாசனை இல்லாத சோப்பு, வழக்கமான மாத்திரைகள், கொசுவர்த்திக்குப் பதில் உடம்பில் தடவும் களிம்பு. புத்தகம், நோட்டு, பேனா, ஜபமாலை, பாட்டுக் கேட்கும் கருவி எதுவும் கூடாது.

கொசுவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முகாமில் இருக்கும் வரை ஐந்து ஒழுக்கங்களை ஏற்கிறீர்கள்: உயிரைக் கொல்லக் கூடாது, திருடக் கூடாது, உடலுறவு கூடாது, பொய் கூடாது, போதை கூடாது. முதலாவதில் கொசுவும் சேர்த்தி. சாயங்காலம் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று என் முழங்கைக்குக் கீழே வந்து இறங்கியது. அடிக்கக் கை தன்னால் தூக்கிவிட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன். அது ஊசியை இறக்கி, வயிறு சிவக்கச் சிவக்கக் குடித்து, கனம் தாங்காமல் தடுமாறிக் கிளம்பிப் போனது. நாற்பது வருஷத்தில் ஒரு கொசு சாப்பிட்டு முடிப்பதை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

ஒரு நாள் எப்படி இருக்கும்

காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 4.30 முதல் 6.30 வரை தியானம். பிறகு சிற்றுண்டி, குளியல். 8 முதல் 11 வரை மறுபடி. 11 மணிக்கு மதியச் சாப்பாடு. 12 முதல் 1 வரை ஓய்வு, அந்த நேரத்தில் உதவி ஆசிரியரிடம் தனியாகச் சந்தேகம் கேட்கலாம். 1 முதல் 5 வரை தியானம். 5 மணிக்கு டீ, பழம், கொஞ்சம் பொரி. 6 முதல் 7 வரை எல்லோரும் சேர்ந்து தியானம், பிறகு சொற்பொழிவு, 9 மணி வரை இன்னொரு தியானம். 9.30க்கு விளக்கு அணைந்துவிடும். ஆண்களும் பெண்களும் எல்லாவற்றிலும் தனித்தனி.

ராத்திரிச் சாப்பாடு இல்லையே என்று பயந்து, மதியம் இரண்டு பங்கு சாப்பிடுவது முதல் முறைக்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு மணிக்கு உட்கார்ந்தால் தூக்கம் ஆளைச் சாய்க்கும். முக்கால் வயிறு போதும். மூன்றாம் நாளிலிருந்து ராத்திரிப் பசி தெரியாது.

பேசாமை என்பது சக மாணவர்களோடு மட்டும்தான். சைகையும் கூடாது, கண்ணால் சிரித்துக்கொள்வதும் கூடாது. பக்கெட் உடைந்துவிட்டது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் சேவகர்களிடம் சொல்லலாம். சும்மா பொறுத்துக்கொண்டு இருப்பது தவம் அல்ல. நான் இரண்டு நாள் மின்விசிறி இல்லாமல் படுத்துக் கிடந்தேன், கேட்டிருந்தால் அன்றைக்கே வேறு அறை கொடுத்திருப்பார்கள்.

முதல் மூன்றரை நாள்: மூக்கு

இந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கின் வாசலில் கவனிப்பது. ஆனாபானா என்பார்கள். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். மூச்சை இழுத்துப் பிடிப்பதோ எண்ணுவதோ மந்திரம் சேர்ப்பதோ கிடையாது. நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை. வருவதை வருகிறபடி தெரிந்துகொள்வது, அவ்வளவே.

கேட்க எளிது. உட்கார்ந்து மூன்றாவது மூச்சில் நான் 1998இல் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அந்த வாத்தியாரின் ஸ்கூட்டர், அப்பாவின் ஸ்கூட்டர், அதை விற்ற விலை, இப்போது அதற்கு என்ன கிடைக்கும். கால்மணி நேரம் கழித்துத்தான் மூக்கு ஞாபகம் வந்தது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். தன்னையே திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூச்சுக்கு வாருங்கள். திட்டிக்கொள்ள ஆரம்பித்தால் அதிலும் கால்மணி நேரம் போய்விடும்.

இரண்டாம் நாள் ராத்திரி அல்லது மூன்றாம் நாள் காலையில் ஓடிவிடத் தோன்றும். எனக்கு அருமையான காரணம் ஒன்று கிடைத்தது: ஆபீசில் ஒரு பைலைத் தப்பாக அனுப்பிவிட்டேன், நான் உடனே போகாவிட்டால் எல்லாம் நாசம். மதியம் உதவி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “நாளைக்கு மதியம் வரைக்கும் இருந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்” என்றார். மறுநாள் மதியம் அந்தப் பைல் எதுவென்றே எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஆறாம் நாள் காலையில் இல்லை, மடித்து வைத்த போர்வை மட்டும் இருந்தது. அவருக்கு உண்மையிலேயே ஏதாவது அவசரம் இருந்திருக்கலாம். கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நாலாம் நாள் பிற்பகல்: முழங்கால்

அன்றுதான் விபாசனா என்பதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தைக் கொண்டுபோய், அங்கே என்ன உணர்ச்சி தெரிகிறது என்று பார்ப்பது. அரிப்பு, சூடு, துடிப்பு, கனம், மரத்துப்போதல், எறும்பு ஊர்கிற மாதிரி. பிடித்தது வந்தால் ஒட்டிக்கொள்ளாமல், பிடிக்காதது வந்தால் தள்ளிவிடாமல், இதுவும் மாறும் என்று பார்த்துக்கொண்டே நகர வேண்டும். மாறும் என்பதைப் பாலி மொழியில் அனிச்சா என்று சொல்வார்கள், அந்தச் சொல்லைப் பல நூறு தடவை கேட்பீர்கள்.

அதோடு அதிட்டானம் சேர்கிறது. தினம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கையைப் பிரிக்காமல், காலை மாற்றாமல், கண்ணைத் திறக்காமல் உட்காரும் முயற்சி. முயற்சிதான், தாங்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். முதுகிலோ மூட்டிலோ உண்மையான கோளாறு இருந்தால் முன்பே சொல்லி நாற்காலி கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றவர்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் அரைமணி நேரம் தரையில் சம்மணம் போட்டுப் பழகுங்கள். டிவி பார்த்துக்கொண்டே பழகினாலும் சரி.

எனக்கு இருபதாவது நிமிஷத்தில் வலது முழங்காலுக்கு உள்ளே யாரோ ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகுவது போல ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் பூரா நான் செய்ததெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மணி எப்போது முடியும் என்று காத்திருந்ததுதான். அது தியானமே இல்லை. ஆறாம் நாள் மதியம், வேறு வழியில்லாமல், சரி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அந்த இடத்துக்கே போனேன். வலி என்று நான் பெயர் வைத்திருந்தது ஒரே கட்டியாக இல்லை. முழங்கால் சிப்பியின் அடியில் ஒரு சூடு. அதற்கு இடது பக்கம் நாடி மாதிரி ஒரு துடிப்பு. தொடையை நோக்கி ஒரு இழுப்பு. இவை மூன்றும் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை, ஒன்று அடங்கும்போது இன்னொன்று எழுந்தது. நாலாவதாக ஒன்று இருந்தது, அது முழங்காலில் இல்லை, ‘ஐயோ இன்னும் முப்பது நிமிஷமா’ என்கிற பயம். பயம் நின்ற இரண்டு மூன்று நிமிஷம் முழங்காலில் சூடும் துடிப்பும் இருந்தன, வலி இல்லை.

பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட கையோடு ஸ்குரூ டிரைவர் திரும்ப வந்தது. உண்மையைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது முழங்கால் என்று நண்பன் இன்றும் கிண்டல் செய்கிறான். கிண்டல் சரிதான். ஆனாலும் பத்து வருஷம் சொற்பொழிவு கேட்டதில் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் பிடிபட்டது.

சிலருக்கு எட்டாம் நாள் வாக்கில் உடம்பெங்கும் மெல்லிய அதிர்வு மட்டும் இருக்கும், சுகமாக இருக்கும் என்று சொற்பொழிவில் வரும். எனக்கு முதல் முறை வரவேயில்லை. பக்கத்தில் இருப்பவர் அசையாமல் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார், அவருக்கு வந்துவிட்டது போல என்று வயிறு எரியும். கடைசி நாள் பேசியபோது தெரிந்தது, அவர் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள்

அன்று காலை மைத்ரி தியானம், அதாவது எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பது, முடிந்ததும் பேச விடுவார்கள். கூடத்துக்கு வெளியே வந்து முதல் வார்த்தை பேசும்போது குரல் வேறு யாருடையதோ போலக் கேட்கும். பிறகு அடுத்த ஒரு மணி நேரம் கல்யாண மண்டபம் தோற்றுப்போகும். பேசுங்கள், ஆனால் தொண்டை வலிக்கும் அளவுக்கு வேண்டாம், அன்றைக்கும் தியானம் இருக்கிறது. நன்கொடை கொடுக்க விருப்பம் இருந்தால் அன்று கொடுக்கலாம், இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

சொற்பொழிவில் வரும் மறுபிறவி, சங்காரா என்கிற மனப்பதிவு போன்றவற்றை ஏற்றுக்கொள்ள முடியவில்லையே என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. எனக்கும் எல்லாவற்றிலும் சம்மதம் கிடையாது. பிடிக்காததை ஒதுக்கிவைத்துவிட்டு முறையை மட்டும் செய்யலாம் என்று அந்தச் சொற்பொழிவிலேயே சொல்கிறார்கள். பாயசத்தில் கிடக்கும் ஏலக்காயை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

திங்கள்கிழமை லீவு போடச் சொன்னேன் அல்லவா. ஞாயிறு பஸ்ஸில் ஏறியதுமே ஹாரன் சத்தம் காதுக்குள் குத்தும். போனைப் போட்டால் வாட்ஸப் கொட்டும். நான் முதல் முறை அன்று சாயங்காலமே ஒரு வரவேற்புக்குப் போய், நாதஸ்வரம் மைக்கில் அலறியதில் பாதியில் எழுந்து வந்து பைக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் சும்மா இருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றே தியானம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்யச் சொல்வார்கள். நான் மூன்று வாரம் செய்தேன். பிறகு காலை மட்டும் ஆனது, பிறகு அரைமணி நேரம், பிறகு மழைக்காலத்தில் நின்றே போனது. திரும்ப ஆரம்பிக்க உதவியது வாராந்திரக் கூட்டுத் தியானம்தான். பல ஊர்களில் பழைய மாணவர்கள் ஒருவர் வீட்டில் கூடி ஒரு மணி நேரம் உட்காருவார்கள், விலாசம் மையத்தில் கிடைக்கும்.

ஒரு முகாம் முடித்தவர்கள் சேவைக்குப் போகலாம். காய் நறுக்குவது, கூடம் பெருக்குவது, இருக்கை விரிப்பது. போன வருஷம் நான் போனபோது எனக்குக் கிடைத்தது காலை மணி அடிக்கும் வேலை. 3.50க்கு எழுந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சின்ன மணியோடு ஒவ்வொரு அறை வாசலாக நடக்க வேண்டும். மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் அறையில் விளக்கு எரியவில்லை. வாசலில் நின்று இன்னொரு தடவை அடித்தேன். உள்ளே யாரோ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூன்றாவது தடவை அடித்தேன்.